நரகமும் அக்கினியும்: கிறிஸ்தவ நம்பிக்கை உண்மையில் என்ன சொல்கிறது?

நரகம் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஒரே காட்சிதான். பூமிக்கு அடியில் பெரிய தீக்குழி, அதற்கு அதிபதியாகக் கொம்பு வைத்த சாத்தான், கொதிக்கும் கொப்பரைகளில் அலறும் மனிதர்கள். இந்தக் காட்சியில் வேதாகமத்திலிருந்து வந்த பகுதி மிகக் குறைவு. சாத்தான் நரகத்தை ஆளுகிறான் என்று வேதாகமத்தில் எந்த வசனமும் சொல்லவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 20:10-ல் அவனே அக்கினிக்கடலில் தள்ளப்படுகிறான். அங்கே அவன் தண்டனை பெறுகிறவன். மத்தேயு 25:41-ல் அந்த நித்திய அக்கினி யாருக்காக ஏற்பட்டது என்று இயேசுவே சொல்கிறார்: பிசாசுக்காகவும் அவனுடைய தூதர்களுக்காகவும். மனிதர்களுக்காக ஆயத்தம் செய்யப்பட்டதாக அவர் சொல்லவில்லை. அதே உவமையில் ராஜ்யம் மட்டும் மனிதர்களுக்காக, உலகம் உண்டானதுமுதல் ஆயத்தமாக இருக்கிறது.

விதவிதமான சித்திரவதைகளின் பட்டியல் 2-ம் நூற்றாண்டில் தொடங்கி எழுந்த, வேதாகமத்தில் சேர்க்கப்படாத நூல்கள் வழியாகவும், இடைக்கால ஓவியங்கள் வழியாகவும் பரவியது. இத்தாலியக் கவிஞர் தாந்தே 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய காவியத்திலோ நரகத்தின் அடியாழத்தில் நெருப்பே கிடையாது, பனிக்கட்டிதான். சாத்தான் அதில் உறைந்து கிடக்கிறான். இதெல்லாம் கற்பனையின் வளம். திருச்சபைகளின் போதனையைத் தெரிந்துகொள்ள வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த இடம் நரகம்கூட அல்ல, நெருப்பு.

நெருப்பு முதலில் யாருடையது?

வேதாகமத்தில் நெருப்பு பல இடங்களில் கடவுளின் பிரசன்னத்துக்கு அடையாளம். மோசே காண்கிற முட்செடி எரிகிறது, ஆனால் வெந்துபோகவில்லை (யாத்திராகமம் 3:2). எகிப்திலிருந்து புறப்பட்ட ஜனங்களுக்கு இரவில் வழிகாட்டியது அக்கினிஸ்தம்பம். சீனாய் மலையில் கர்த்தர் அக்கினியில் இறங்குகிறார். பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள்மேல் வந்து அமர்ந்தவை அக்கினிமயமான நாவுகள். எபிரெயர் 12:29 இதையெல்லாம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: "நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினியாயிருக்கிறாரே."

இந்த வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் பல முடிச்சுகள் தாமாகவே தளரும். நெருப்பு சாத்தானின் ஆயுதம் என்ற எண்ணம் போய்விடும். "நெருப்பு என்ன செய்கிறது?" என்ற கேள்வி முன்னுக்கு வரும். அது செய்கிற வேலை, அதற்குள் வருவது எது என்பதைப் பொறுத்து மாறுகிறது.

தானியேல் 3-ம் அதிகாரத்தைப் பாருங்கள். வழக்கத்தைவிட 7 மடங்கு சூடாக்கப்பட்ட சூளைக்குள் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரையும் கட்டிப் போடுகிறார்கள். அவர்களைத் தூக்கிச் சென்ற வீரர்கள் வெப்பத்தில் செத்துப்போகிறார்கள். உள்ளே விழுந்தவர்களின் தலைமயிர்கூடக் கருகவில்லை. கட்டுகள் மட்டும் போய்விட்டன. நெருப்பு ஒன்றுதான், விளைவு இரண்டு.

பொன்னும் வெள்ளியும் புடமிடும் படம் இன்னும் முக்கியம். மல்கியா 3:2-3-ல் கர்த்தர் புடமிடுகிறவனுடைய அக்கினியைப்போல வருகிறார். உட்கார்ந்து வெள்ளியைச் சுத்திகரிக்கிறார். அந்தக் காலத்து முறை இது: அழுக்குக் கலந்த வெள்ளியோடு ஈயத்தைச் சேர்த்து, துருத்தியால் காற்றூதி, வெள்ளி உருகும் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 960 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்குவார்கள். ஈயம் காற்றோடு சேர்ந்து கசடாக மாறும்போது மற்ற மட்ட உலோகங்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். வெள்ளி மட்டும் மிஞ்சும். புடமிடுகிறவன் ஏன் உட்கார்ந்திருக்கிறான்? எழுந்து போக முடியாத வேலை அது. காற்றும் சூடும் கடைசிவரை கண்காணிக்கப்பட வேண்டும்.

இதே வேலை தோற்றுப்போவதையும் வேதாகமம் காட்டுகிறது. எரேமியா 6:29-30-ல் துருத்தி வெந்துபோகிறது, ஈயம் நெருப்பில் தீர்ந்துவிடுகிறது, ஆனாலும் கசடு பிரியவில்லை. புடமிட்டவனின் உழைப்பு வீண். கடைசியில் அந்த உலோகத்துக்குக் கிடைக்கும் பெயர் "தள்ளுபடியான வெள்ளி". இங்கே நெருப்பு மாறவில்லை, புடமிடுகிறவனின் நோக்கமும் மாறவில்லை. பிரியவே மாட்டேன் என்று கசடு வெள்ளியோடு நின்றுவிட்டது. நரகத்தைப் பற்றிய கிறிஸ்தவப் போதனையின் கருவை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பகுதி பழைய ஏற்பாட்டில் அதிகம் இல்லை. புதிதாகப் படிக்கிறவர்கள் வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறப்பதற்கு முன்பு இந்த இரண்டு வசனங்களையும் படித்துவிடுவது நல்லது.

அழிக்கிற நெருப்பும் உண்டு. சோதோம் கொமோராமேல் விழுந்த கந்தகமும் அக்கினியும் அப்படிப்பட்டது. பின்னால் "அக்கினியும் கந்தகமும்" என்று வரும் இடங்களில் எழுதியவர் ஆதியாகமம் 19-ஐத்தான் நினைவூட்டுகிறார்.

பாதாளம் வேறு, நரகம் வேறு

தொடக்க வாசகர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். மூலமொழிகளில் நான்கு வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன; மொழிபெயர்ப்புகளில் அவை சில நேரம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

எபிரெய வேதத்தில் ஏறத்தாழ 65 இடங்களில் வருவது ஷேயோல். தமிழில் பெரும்பாலும் பாதாளம். இது செத்தவர்கள் எல்லாரும் போய்ச் சேரும் இடம். நல்லவர், கெட்டவர் என்ற வேறுபாடு அங்கே பெரும்பாலும் இல்லை. யோசேப்பு இறந்துவிட்டான் என்று நினைத்த யாக்கோபு, துக்கத்தோடே மகனிடத்தில் பாதாளத்தில் இறங்குவேன் என்கிறார். யோபு தன் வேதனை தாங்காமல் தன்னைப் பாதாளத்தில் ஒளித்துவைக்கும்படி கடவுளிடம் கெஞ்சுகிறார். பிரசங்கி 9:10-ன்படி அங்கே செய்கையும் அறிவும் ஞானமும் இல்லை. ஷேயோலில் நெருப்புத் தண்டனை என்ற எண்ணத்துக்குப் பழைய ஏற்பாட்டில் போதுமான இடமில்லை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்கு இணையானது ஹாதேஸ். 10 இடங்களில் வருகிறது. இதுவும் தமிழில் பாதாளம். 2 பேதுரு 2:4-ல் மட்டும் தார்தாரஸ் என்ற கிரேக்கப் பெயரிலிருந்து வந்த வினைச்சொல் ஒருமுறை வருகிறது; அது பாவம் செய்த தூதர்கள் நியாயத்தீர்ப்புவரை காவலில் வைக்கப்பட்டிருப்பதைச் சொல்கிறது. மனிதர்களைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை.

நரகம் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்கு உரிய சொல் கெகென்னா. புதிய ஏற்பாட்டில் 12 முறை வருகிறது: மத்தேயுவில் 7, மாற்குவில் 3, லூக்காவில் 1, யாக்கோபு நிருபத்தில் 1. முதல் பதினொன்றும் இயேசுவின் வாயிலிருந்து வந்தவை. பவுல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் உள்ள எந்தப் பிரசங்கத்திலும் அது இல்லை.

இந்தக் கலப்பால் என்ன கெடுகிறது? ஓர் எடுத்துக்காட்டு. வழக்கமாகப் பயன்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் சங்கீதம் 9:17 "நரகத்திலே தள்ளப்படுவார்கள்" என்று முடிகிறது. மூலத்தில் அது ஷேயோல். துன்மார்க்கர் சாவுக்குள் போவார்கள் என்பதே நேர்ப்பொருள். இந்த வசனத்தை அக்கினிக்கடலோடு ஒட்டிப் பிரசங்கித்தால் சங்கீதக்காரன் நினைத்தே பார்க்காத ஒன்றை அவன் வாயில் திணிக்கிறோம். இன்னொன்று: வெளிப்படுத்தின விசேஷம் 20:14-ல் மரணமும் பாதாளமும் அக்கினிக்கடலில் தள்ளப்படுகின்றன. பாதாளமும் நரகமும் ஒன்றே என்றால் நரகம் நரகத்துக்குள் தள்ளப்படுகிறது என்றாகிவிடும். பாதாளம் மரணத்துக்கும் நியாயத்தீர்ப்புக்கும் இடைப்பட்ட காலத்துக்கு உரியது; அதற்கும் ஒரு முடிவு உண்டு என்பதே அந்த வசனத்தின் செய்தி.

ஆகவே வரிசை இப்படி அமைகிறது: மரணம், அதன்பின் ஓர் இடைநிலை, கிறிஸ்துவின் வருகையில் எல்லாருடைய உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு, இறுதி நிலை. இந்த இறுதி நிலையின் ஒரு பக்கத்துக்குத்தான் நரகம் என்று பெயர். மறுபிறவி இந்த வரிசையில் கிடையாது. எபிரெயர் 9:27 மனிதர் ஒரேதரம் மரிப்பதையும் பின்பு நியாயத்தீர்ப்பு அடைவதையும் சொல்கிறது. வினைக்கு ஏற்பச் சில காலம் நரகத்தில் கழித்துவிட்டு மீண்டும் பிறப்பது என்ற இந்தியச் சமயங்களின் கருத்தை இதோடு சேர்த்துவிடக் கூடாது.

இன்னோம் பள்ளத்தாக்கு

கெகென்னா என்பது நிஜமான ஓர் இடத்தின் பெயர். எருசலேமின் பழைய நகரத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் வளைந்து செல்லும் இன்னோம் பள்ளத்தாக்கு அது. யூதாவின் அரசர்கள் ஆகாசும் மனாசேயும் அங்கே தங்கள் பிள்ளைகளைத் தீயில் பலியிட்டார்கள் (2 நாளாகமம் 28:3, 33:6). தோப்பேத் என்று அந்தப் பலிமேடைக்குப் பெயர். கி.மு. 7-ம் நூற்றாண்டில் அரசன் யோசியா அதைத் தீட்டுப்படுத்தி, இனி யாரும் அங்கே பிள்ளைகளைப் பலியிட முடியாதபடி செய்தான். எரேமியா இன்னும் ஒரு படி மேலே போய், அந்த இடம் சங்காரப் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படும், புதைக்க இடமில்லாத அளவுக்குப் பிணங்கள் விழும் என்றார். கடவுள் கட்டளையிடவும் இல்லை, அவர் மனதில் தோன்றவும் இல்லை என்று எரேமியா 7:31 அந்தப் பலிகளைப் பற்றிச் சொல்வதைக் கவனியுங்கள். பிள்ளைகளை நெருப்பில் போடுவது கடவுளின் யோசனையாகவே இருந்ததில்லை.

இயேசு கெகென்னா என்றபோது கேட்டவர்களுக்கு நினைவுக்கு வந்தது இந்த வரலாறுதான்: தன் ஜனங்கள் செய்த மிகக் கொடிய துரோகமும் அதன்மேல் வந்த தீர்ப்பும் ஒன்றாகப் பதிந்த இடம்.

பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு தகவலை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. இயேசுவின் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு ஊர்க் குப்பையை எரிக்கும் இடமாக இருந்தது, எப்போதும் புகைந்துகொண்டே இருந்தது என்பார்கள். அக்காலத்து எழுத்து எதிலும் இதற்குச் சான்று இல்லை. இந்தக் குறிப்பு கி.பி. 1200 வாக்கில் வாழ்ந்த தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியரின் சங்கீத உரையில் காணப்படுகிறது. அதாவது இயேசுவுக்கு ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் கழித்து. குப்பைமேட்டுக் கதை கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் நரகத்தை வெறும் சுகாதார விஷயம்போல ஆக்கி, எரேமியா சொன்ன பலிகளின் பயங்கரத்தை மறக்கடித்துவிடுகிறது. அதனால் அதை விட்டுவிடுவதே மேல்.

அதே பள்ளத்தாக்கின் சரிவில் உள்ள ஒரு கல்லறைக் குகையில் 1979-ல் இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்களைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று தொடங்கும் ஆசாரிய ஆசீர்வாதத்தின் சொற்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இதுவரை கிடைத்த வேதாகம வாசகங்களில் மிகப் பழமையானவை அவை.

இயேசு இதை யாரிடம் சொன்னார்?

கெகென்னா வரும் அந்தப் பதினொரு இடங்களையும் வரிசையாகப் படித்தால் ஒன்று கண்ணில் படும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சீஷர்கள், அல்லது வேதபாரகரும் பரிசேயரும். வரிவசூலிப்பவரிடமோ விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடமோ அவர் நரகத்தைக் காட்டி மிரட்டவில்லை. எச்சரிக்கை, கடவுளை ஏற்கெனவே தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான். காரணங்களும் யோசிக்க வைப்பவை: சகோதரனை மூடனே என்று இகழ்வது, பெண்ணை இச்சையோடு பார்ப்பது, சிறியவர்களை இடறப்பண்ணுவது, மதத்தின் பெயரால் மற்றவர்களைக் கெடுப்பது. மத்தேயு 25-ல் இடப்பக்கம் நிறுத்தப்படுகிறவர்கள் செய்த குற்றம், பசித்தவனுக்குச் சாப்பாடும் தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீரும் கொடுக்காமல் விட்டது.

மாற்கு 9:43-48-ஐ உதாரணமாக எடுத்து, வாசிக்கும் முறையை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். கை இடறல் உண்டாக்கினால் தறித்துப்போடு, கால் இடறினால் தறித்துப்போடு, கண் இடறினால் பிடுங்கிப்போடு என்ற பகுதி அது. முதலில், மூலச்சொல் எது? மூன்று இடத்திலும் கெகென்னா. யாரிடம் பேசுகிறார்? சீஷர்களிடம், சற்றுமுன் அவர்கள் தங்களில் யார் பெரியவன் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். பழைய ஏற்பாட்டின் எந்தப் பகுதியை இது எதிரொலிக்கிறது? கடைசி வரியான "அக்கினி அவியாமலுமிருக்கும்" என்பதும் சாவாத புழுவும் ஏசாயா 66:24-லிருந்து வருகின்றன. அங்கே போய்ப் பார்த்தால், நகரத்துக்கு வெளியே கிடப்பவை பிரேதங்கள். புழு அரிப்பதும் தீ எரிப்பதும் பிணங்களை. கையைத் தறித்துப்போடு என்பதைச் சபை நேரடிக் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. மிகைப்படுத்திச் சொல்லும் எச்சரிக்கை என்கிறது. அதே வாக்கியத்தில் வரும் நெருப்பை மட்டும் எழுத்துக்கு எழுத்து எடுப்பவர் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். கூடவே ஒரு நடைமுறைக் குறிப்பு: புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இந்த அதிகாரத்தில் 44, 46 வசனங்கள் இருக்காது. 48-ம் வசனத்தின் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லும் அவ்விரண்டும் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. யாரும் எதையும் மறைக்கவில்லை.

இதேபோல் லூக்கா 16-ல் வரும் ஐசுவரியவானும் லாசருவும். நரகத்துக்கு மிகவும் எடுத்தாளப்படும் பகுதி இதுதான். ஆனால் மூலத்தில் இருப்பது ஹாதேஸ். ஐசுவரியவானின் ஐந்து சகோதரர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள், ஆகவே நியாயத்தீர்ப்பு நடக்கவில்லை. இதிலிருந்து இறுதி நரகத்தின் வரைபடத்தை எடுக்கப் போனால் தவறும். அந்தக் கதை குத்த வேண்டிய இடம் வேறு. அவன் லாசருவை அடித்ததாகவோ ஏமாற்றியதாகவோ சொல்லப்படவில்லை. தன் வாசலருகே கிடந்தவனைப் பொருட்படுத்தவில்லை. நெருப்பில் கிடக்கும்போதுகூட லாசருவிடம் அவன் நேராகப் பேசுவதில்லை. தண்ணீர் கொண்டுவரும்படி அவனை அனுப்பச் சொல்லி ஆபிரகாமிடம் கேட்கிறான். அவன் மனம் கொஞ்சமும் மாறவில்லை.

உண்மையான நெருப்பா, உருவகமா?

இரண்டு பக்கமும் பெரிய பெயர்கள் உண்டு. வட ஆப்பிரிக்க ஆயர் ஆகஸ்தீன் 5-ம் நூற்றாண்டில் அது பொருளான நெருப்பே என்று வாதிட்டார். உடல் எரிந்தும் அழியாமல் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு, நெருப்பில் வாழ்வதாக அக்காலத்தார் நம்பிய சாலமாண்டர் என்ற பல்லிபோன்ற உயிரியைச் சாட்சிக்கு அழைத்தார். அந்த உதாரணம் இன்றைக்கு நிற்காது. 3-ம் நூற்றாண்டின் இறையியலாளர் ஓரிகனோ, ஒவ்வொரு பாவியும் தனக்கான தீயைத் தானே மூட்டிக்கொள்கிறான் என்றார். அவருக்கு ஆதாரம் ஏசாயா 50:11. 16-ம் நூற்றாண்டில் புரொட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வின், இருள், பற்கடிப்பு, புழு, அக்கினி எல்லாம் மனிதச் சொல்லுக்கு அடங்காத ஒன்றைக் காட்டும் உருவகங்கள் என்று எழுதினார். அவர் நரகத்தை இலேசாக்க நினைத்தவர் அல்ல.

வேதாகமமே ஒரு பெரிய குறிப்பைத் தருகிறது. நரகம் அக்கினி என்றும் சொல்லப்படுகிறது, புறம்பான இருள் என்றும் சொல்லப்படுகிறது. சாதாரண நெருப்பு எரியும் இடத்தில் காரிருள் இருக்காது. இரண்டும் படங்கள், ஒவ்வொன்றும் வேறொன்றைச் சொல்கிறது. நெருப்பு தீர்ப்பைச் சொல்கிறது. இருள், விருந்து நடக்கும் வீட்டுக்கு வெளியே நிற்பதைச் சொல்கிறது. உருவகம் என்றால் ஒன்றுமே இல்லை என்று பொருளாகாது. உருவகம் காட்டும் பொருள் உருவகத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபை 1992-ல் வெளியிட்ட மறைக்கல்வி நூல், நரகத்தின் முதன்மையான தண்டனை கடவுளிடமிருந்து என்றென்றைக்கும் பிரிந்திருப்பது என்கிறது. மனிதன் தன்னைத் தானே முடிவாக விலக்கிக்கொள்ளும் நிலை என்று அதை விளக்குகிறது. 1999 ஜூலை 28 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் பொது மறையுரையில், நரகம் ஓர் இடம் என்பதைவிட, கடவுளைவிட்டுத் தாமாகப் பிரிந்தவர்களின் நிலையைக் குறிக்கிறது என்றார். ஆர்த்தடாக்ஸ் முதலான கீழைத் திருச்சபைகளில் வேறொரு பார்வை ஆழமாக வேரோடியிருக்கிறது. 7-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சிரியாவின் ஈசாக்கு, நரகத்தில் இருப்பவர்களை வாட்டுவது அன்பின் சவுக்கே என்றார். அன்புக்கு விரோதமாகப் பாவம் செய்தோம் என்ற உணர்வு தரும் வேதனை எந்த வாதையையும்விடக் கொடியது. பாவிகள் கடவுளின் அன்பை இழந்துவிடுகிறார்கள் என்று நினைப்பது தவறு என்பது அவர் வாதம். எபிரெயர் 12:29-ல் சொன்ன அதே அக்கினி, அன்புகூருகிறவனுக்கு ஒளி, வெறுக்கிறவனுக்குச் சூடு. வேதாகமத்தின் நெருப்பு வசனங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது இந்தப் பார்வைக்கு நல்ல வலு இருக்கிறது.

எவ்வளவு காலம்?

இதில்தான் கிறிஸ்தவர்களுக்குள் உண்மையான கருத்துவேறுபாடு.

பெரும்பான்மைச் சபைகளின் நிலைப்பாடு, அது முடிவற்றது, உணர்வோடு அனுபவிக்கப்படுவது. வலுவான ஆதாரம் மத்தேயு 25:46. நித்திய ஆக்கினை, நித்திய ஜீவன் என்று ஒரே வசனத்தில் ஒரே அடைமொழி இரண்டுக்கும் வருகிறது. ஒன்றுக்கு முடிவு உண்டென்றால் மற்றதற்கும் உண்டென்று ஆகுமே என்று ஆகஸ்தீன் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் நிற்கிறது. இந்தப் பார்வை இடறும் இடம், "அழிவு" "மரணம்" என்று வரும் ஏராளமான வசனங்கள். ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவர் என்று மத்தேயு 10:28 சொல்கிறதே என்பார்கள் எதிர்த்தரப்பினர்.

அந்த எதிர்த்தரப்பின் கருத்து, துன்மார்க்கர் இறுதியில் இல்லாமலே போவார்கள் என்பது. ஆத்துமாவுக்குத் தன்னளவில் சாவாமை இல்லை, அது கடவுள் தரும் கொடை என்பது இதன் அடிப்படை. ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகளின் அதிகாரபூர்வப் போதனை இது. ஆங்கிலிக்கப் போதகர் ஜான் ஸ்டாட் 1988-ல் இதன் பக்கம் தம் சாய்வைத் தயக்கத்தோடு வெளியிட்டபோது சுவிசேஷகச் சபைகளில் பெரிய சர்ச்சை எழுந்தது. அவியாத அக்கினி என்றால் யாராலும் அணைக்க முடியாதது என்றுதான் பொருள், எரிந்துகொண்டே இருப்பது என்றல்ல என்பார்கள். எரேமியா 17:27-ல் எருசலேமின் வாசல்களில் மூட்டப்படும் தீ அவியாது என்று எழுதியிருக்கிறது, அது நகரத்தை எரித்து முடித்தபின் நின்றுவிட்டது. ஏசாயா 34:10-ல் ஏதோமின் புகை என்றென்றைக்கும் எழும்பும் என்பதும் அப்படியே. இவர்களுக்கு இடறலான வசனம் வெளிப்படுத்தின விசேஷம் 20:10. இரவும் பகலும் சதாகாலங்களிலும் வாதிக்கப்படுவார்கள் என்கிறது. அங்கே சொல்லப்படுவது பிசாசும், அந்த நூலில் கடவுளை எதிர்த்து நிற்கும் மிருகமும் கள்ளத்தீர்க்கதரிசியும்தான் என்று பதில் வரும். அந்தப் பதில் பாதி வழிதான் போகிறது. 14:11-ல் மிருகத்தை வணங்கிய மனிதர்களைப் பற்றியும் இதையொத்த மொழி வருகிறது.

மூன்றாவது, எல்லாரும் கடைசியில் கடவுளிடம் திரும்புவார்கள் என்ற நம்பிக்கை. நெருப்பு முழுவதும் புடமிடும் நெருப்பாகிவிடுகிறது. ஓரிகனும் 4-ம் நூற்றாண்டின் நிசா நகர் கிரகோரியும் இதன் பழைய குரல்கள். பேரரசர் ஜஸ்டீனியன் 543-ல் ஓரிகனின் போதனைகளைக் கண்டித்தார். 553-ல் கூடிய இரண்டாம் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் (ஆயர்களின் பொதுப் பேரவை) ஓரிகன் பெயரைக் கண்டனப் பட்டியலில் சேர்த்தது. கிரகோரியோ இன்றுவரை புனிதராகவே மதிக்கப்படுகிறார். எல்லாரும் மீட்கப்படும்படி ஜெபிக்கலாம், நம்பலாம். அப்படித்தான் நடந்தே தீரும் என்று போதிக்கக் கூடாது என்ற இடத்தில் பல இறையியலாளர்கள் நிற்கிறார்கள்.

எந்தப் பார்வையை எடுத்தாலும் தண்டனையில் அளவு உண்டு என்பதில் சந்தேகமில்லை. எஜமானுடைய சித்தம் அறிந்தவனுக்கு அநேக அடிகள், அறியாதவனுக்குச் சில அடிகள் என்கிறது லூக்கா 12:47-48.

நரகத்தோடு சேர்த்துக் குழப்பப்படுபவை

உத்தரிக்கிற ஸ்தலம் நரகத்தின் ஒரு பகுதி அல்ல. கத்தோலிக்கப் போதனைப்படி அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே மீட்கப்பட்டவர்கள். பரலோகத்துக்குள் நுழையுமுன் தூய்மையாக்கப்படுகிறார்கள். 1 கொரிந்தியர் 3:12-15 இதற்கு முக்கியமான வசனம். மரம், புல், வைக்கோலால் கட்டியவனின் வேலை வெந்துபோகிறது, அவனோ அக்கினியிலிருந்து தப்பினதுபோலத் தப்புகிறான். இங்கே எரிவது வேலை. 1439-ல் புளோரன்ஸ் சங்கத்தில் கீழைத் திருச்சபையினர் இந்த நெருப்பை ஏற்க மறுத்தார்கள். சங்கத்தின் ஆணை கடைசியில் நெருப்பு என்ற சொல்லே இல்லாமல் எழுதப்பட்டது. புரொட்டஸ்டண்ட் சபைகள் இந்தப் போதனையையே ஏற்பதில்லை.

விசுவாசப் பிரமாணத்தில் கிறிஸ்து "பாதாளத்தில் இறங்கினார்" என்று சொல்கிறோம். அவர் நரகத்தில் தண்டனை அனுபவித்தார் என்று இதைப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. பழைய திருச்சபையின் விளக்கம், செத்தவர்களின் இடத்துக்குள் வெற்றிவீரராக நுழைந்து ஆதாமையும் ஏவாளையும் கைபிடித்துத் தூக்கினார் என்பது. கீழைத் திருச்சபைகளின் உயிர்த்தெழுதல் படத்தில் இன்றும் அந்தக் காட்சிதான் வரையப்படுகிறது. கிறிஸ்துவின் காலடியில் உடைந்த கதவுகளும் சிதறிய பூட்டுகளும் கிடக்கும்.

இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. சில சமயம் கேட்பவர் தாயாக இருப்பார், தற்கொலை செய்துகொண்ட பிள்ளையின் பெயரைச் சொல்வார். "நரகத்தில்" என்று பதில் சொல்ல எந்தப் போதகருக்கும் அதிகாரம் இல்லை. தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்களின் நித்திய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர்களுக்கு மனந்திரும்ப வாய்ப்புத் தர முடியும் என்று அதே 1992 மறைக்கல்வி நூல் எழுதுகிறது. கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானவர்களைப் பெயர் சொல்லிப் புனிதர்களாக அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒரு மனிதரின் பெயரைக்கூட அது அறிவித்ததில்லை.